திரை வந்துவிட்டது, ஃபிட்டர் எங்கே?



ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

உங்க கம்பெனிக்குப் புதுசா ஒரு நிட்டிங் மெஷின் வருதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மெஷின், பல லட்ச ரூபாய். முதலாளி பூஜை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். அதோடு சரி. ஊசி உடைந்தால் மாற்ற ஃபிட்டர் இல்லை. எந்தத் துணிக்கு எந்த நூல் என்று சொல்ல ஆள் இல்லை. ஓட்டத் தெரிந்த ஆபரேட்டரை உட்கார வைத்து கணக்கு எழுதச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் மெஷின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

அந்த முதலாளியைப் பற்றி டீக்கடையில் நாம் என்ன பேசுவோம்? "காசைக் கொண்டுபோய் இரும்புல போட்டுட்டாருங்க" என்றுதானே?

திருப்பூரில் அப்படி ஒரு முதலாளியைப் பார்ப்பது அபூர்வம். இந்த ஊர் மெஷினோடு வாழத் தெரிந்த ஊர். எந்தச் சத்தம் வந்தால் எந்த பேரிங் போயிருக்கிறது என்று காதாலேயே சொல்லும் ஃபிட்டர்கள் உள்ள ஊர். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஊர்.

அப்படிப்பட்ட ஊரில், நம் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளி வகுப்பறைக்கு ஒரு திரை வந்திருக்கிறது. ஸ்மார்ட் வகுப்பறை வந்திருக்கிறது. ஹைடெக் லேப் வந்திருக்கிறது. ஆசிரியர் கையில் கைக்கணினி வந்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கம்பெனியில் கேட்கிற அதே கேள்வியைப் பள்ளியிலும் கேட்க வேண்டாமா?

மெஷின் வந்தாச்சு. ஓடுதா? யார் ஓட்டுறாங்க? நின்னா யார் பாக்குறாங்க?

■ வந்தது என்னென்ன?

ஆட்சிகள் மாறின, ஆனால் பள்ளிக்குள் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவதில் தமிழ்நாடு நின்றுவிடவில்லை. யார் செய்திருந்தாலும் நல்லதை நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் குறையைப் பேச வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் ஏழை வீடுகளுக்குள் போயின. 2018-ல் புதிய பாடநூல்கள் வந்தபோது, பாடத்துக்குள்ளேயே கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,029 ஹைடெக் லேப்கள் அமைந்தன. 2023-ல் 'மணற்கேணி' செயலி வந்தது. அடுத்து தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கைக்கணினி என்று திட்டங்கள் வந்தன.

சின்ன எண்ணிக்கை இல்லை இது. பசியோடு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்த மாநிலம், அதே பிள்ளையின் கையில் கணினியையும் கொடுக்க நினைத்தது. அந்த நினைப்பை நாம் மதிக்கிறோம்.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் எதைச் சொல்கின்றன? எத்தனை வாங்கினோம், எத்தனை மாட்டினோம் என்பதைச் சொல்கின்றன. உங்க பிள்ளையின் வகுப்பில் போன வாரம் அந்தத் திரை எத்தனை மணி நேரம் ஓடியது? அதைப் பார்த்து உங்க பிள்ளைக்கு எது புரிந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் எந்தப் பள்ளியின் தகவல் பலகையிலும் பதில் கிடையாது.

■ கட்டியது வேறு, ஓடுவது வேறு

இந்தப் பாடம் திருப்பூருக்குப் புதிதில்லை. நம் நொய்யல் ஆறே அதற்குச் சாட்சி.

சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நம் ஊரில் பல வருடம் இருந்தன. கட்டடம் இருந்தது, குழாய் இருந்தது, இயந்திரமும் இருந்தது. ஆனாலும் நொய்யலில் சாயத்தண்ணி போவது நிற்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறும் காடும் கெட்டன. அவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்து நின்ற அந்த மாதங்களை யார் மறப்பார்கள்?

நிலையம் கட்டியாச்சா என்பது அன்றைக்குக் கேள்வியாக இருக்கவில்லை. கழிவு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத தொழில்நுட்பத்தைச் சரியாக ஓட்டக் கற்றுக்கொண்டோம். செலவு ஆனது, கஷ்டப்பட்டோம், ஆனாலும் கற்றுக்கொண்டோம்.

பள்ளியில் அப்படி மூடச் சொல்லி யாரும் உத்தரவு போட மாட்டார்கள். திரை ஓடாவிட்டாலும் பள்ளி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் இது ஆபத்து. ஆற்றில் சாயம் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். பிள்ளையின் மண்டையில் பாடம் ஏறாமல் போனால் பத்தாம் வகுப்பு வரை வெளியே தெரியாது.

■ நூல் அறுந்தால் விளக்கு எரியும்

நிட்டிங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். வட்டப் பின்னல் மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது எங்காவது ஒரு நூல் அறுந்தால், மெஷின் தானாக நின்றுவிடும், விளக்கு எரியும். ஆபரேட்டர் ஓடிவந்து, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்து, முடிச்சுப் போட்டு, திரும்ப ஓட்டுவார். அறுந்த நூலைக் கவனிக்காமல் ஓட்டினால் துணி முழுக்க ஓட்டை விழும்.

நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது?

மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கில் ஒரு பிள்ளைக்கு நூல் அறுந்தது. கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நான்காம் வகுப்பில் வகுத்தல் வந்தது, ஐந்தில் பின்னம் வந்தது, ஏழில் இயற்கணிதம் வந்தது. துணி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓட்டையும் கூடவே வருகிறது. எந்த விளக்கும் எரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளை, "எனக்குப் படிப்பு வராதுங்க, நான் கம்பெனிக்குப் போறேன்" என்கிறது.

வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் முதல் வேலை இந்த விளக்காக இருக்க வேண்டும் என்கிறோம். படம் காட்டுவது இரண்டாவது. எந்தப் பிள்ளைக்கு, எந்த இடத்தில், எப்போது நூல் அறுந்தது என்று ஆசிரியருக்குக் காட்டுவதுதான் முதல் வேலை.

இது வெறும் ஆசை இல்லை. நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2015-ல் டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது அதில் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, பள்ளி நேரம் முடிந்ததும் ஒரு மையத்தில் தினமும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். பாதி நேரம் கணினி. அது ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து கேள்வி கேட்கும். மீதி நேரம் ஓர் ஆள் சின்னக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான்கரை மாதத்தில், அந்த மையத்துக்குப் போகாத பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கிலும் இந்தியிலும் வெகுவாக முன்னேறியிருந்தார்கள்.

கவனியுங்கள்: பாதி கணினி, பாதி ஆள்.

இதே எண்ணம் நம் ஊரிலும் இருக்கிறது. 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025-ல் 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு 'திறன்' திட்டம் வந்தது. திசை சரி. அந்தத் திசையில் ஓட ஆளும் நேரமும் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.

■ மெஷினை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்?

அதற்கும் உலகத்தில் ஓர் உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாடு, 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. கிராமப்புறப் பள்ளிகள் 319-ல் ஆய்வு செய்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கணினி வந்தது, ஆனால் பாடம் நடத்தும் முறை மாறவில்லை, ஆசிரியருக்குப் போதிய துணையும் இல்லை.

பக்கத்திலேயே நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. இங்கிருந்து பாலக்காடு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் சில மணி நேரம்தான். கேரளத்தில் 2018-ல் தொடங்கி 8 முதல் 12 வரை 45,000 வகுப்பறைகளை ஹைடெக் வகுப்பறைகளாக மாற்றும் வேலையை 'கைட்' என்ற அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது. கருவி வாங்கும்போதே ஐந்தாண்டு உத்தரவாதம் வாங்கினார்கள். பழுது என்றால் பள்ளியிலிருந்து புகார் பதிவு செய்ய அழைப்பு மையம் வைத்தார்கள். சரிசெய்யத் தாமதித்தால் விற்ற நிறுவனத்துக்கு அபராதம் போட்டார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குப் பதில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்திப் பணத்தை மிச்சப்படுத்தினார்கள். 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் மன்றம் வைத்து, கணினியைக் கையாளும் வேலையைப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

அதாவது, மெஷினோடு ஃபிட்டரையும் சேர்த்து வாங்கினார்கள். திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

■ நம் வீட்டு நிலவரம் சென்னைக்குத் தெரியுமா?

திட்டம் போடுகிறவர்களுக்குத் திருப்பூர் வீட்டின் நிலவரம் தெரிய வேண்டும்.

லைன் வீடு. ஒரே அறை, அதிலேயே சமையல். அப்பா நைட் ஷிப்ட். அம்மா செக்கிங்கில், சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். வீட்டில் நல்ல போன் ஒன்றே ஒன்று. அது அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு, "இந்த லிங்கைத் திறந்து வீடியோ பார்த்துட்டு வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்தால் அது யாருடைய போனில் பார்க்கும்? இரவு பத்து மணிக்கு அம்மா வந்ததும், அவர் போனில் டேட்டா மிச்சம் இருந்தால் பார்க்கும். இல்லாவிட்டால் மறுநாள் வகுப்பில் எழுந்து நிற்கும்.

கொரோனா காலத்தில் இதை நாம் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8 வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. நடுவில் ஒன்றரை வருடத்துக்கும் மேல். போன் இருந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் துணை. சில பிள்ளைகள் கைமடிக்கப் போயின, பிசிறு வெட்டப் போயின. திரும்பி வராதவர்களும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் என்ற பழிச்சொல்லைத் துடைக்க இந்த ஊர் எத்தனை வருடம் பாடுபட்டது! ஒரு போன் இல்லாமல் போனது பிள்ளைகளைத் திரும்பக் கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

கம்பெனி வேலையை நாம் கேவலமாகப் பேசவில்லை. அந்த வேலைதான் நம் எல்லோருக்கும் சோறு போடுகிறது. விரும்பிப் போனால் அது தொழில். வேறு வழி இல்லாமல் பதினைந்து வயதில் போனால், அது அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்தது.

இன்னொரு பிள்ளையையும் பாருங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ வந்து நம் ஊரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் பிள்ளை. நம் அரசுப் பள்ளியில் கடைசி பெஞ்சில் இருக்கிறது. வீட்டில் ஒடியா, தெருவில் இந்தி, வகுப்பில் தமிழ். ஆசிரியர் நல்ல மனசுக்காரர்தான். ஆனால் அவருக்கு ஒடியா தெரியாது. இந்த இடத்தில் கைக்கணினி எவ்வளவு பெரிய வேலை செய்யும்! ஒரு படத்தைக் காட்டி, ஒடியாவில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை அந்தச் சொல்லைக் கேட்க வைக்கலாமே? நாடு முழுக்கப் பயன்படும் 'தீக்‌ஷா' தளத்தில் பல மொழிப் பாடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை எடுத்து நம் பாடத்தோடு பொருத்தித் தர வேண்டியதுதான் பாக்கி. தமிழைக் கட்டாயமாகத் திணித்தால் அந்தப் பிள்ளை ஓடிவிடும். அதன் தாய்மொழி வழியாகத் தமிழுக்கு அழைத்து வந்தால், நம் மொழி பேசும் இன்னொரு பிள்ளை நமக்குக் கிடைக்கும்.

■ ஆசிரியரை ஆசிரியராக இருக்க விடுங்கள்

ஆசிரியர்களைக் குறை சொல்லி முடிக்கும் பதிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நல்ல ஆபரேட்டரைக் கணக்கு எழுத உட்கார வைத்த முதலாளி கதையை முதலில் சொன்னோம். பள்ளியில் அதுதான் நடக்கிறது. வருகைப்பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், நலத்திட்ட விவரம் எமிஸ் தளத்தில். சர்வர் மெதுவாகச் சுற்றும்போது எதிரே முப்பது பிள்ளைகள் காத்திருக்கின்றன. பாடம் நடத்த வந்த தொழில்நுட்பம், பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றால் அதற்குப் பெயர் முன்னேற்றமா?

அடுத்து, கணினி சொல்லித்தரும் ஆசிரியர் யார்? 2012-ல் கணினி, ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சம்பளம் 12,500 ரூபாயை எட்டத்தான் பாடுபட்டது. ஆட்சிக்கு ஆட்சி அவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில் ஒரு நல்ல ஓவர்லாக் டெய்லர் மாதம் இதைவிட அதிகமாக வாங்குவார். பிள்ளைக்குக் கணினியும் செயற்கை நுண்ணறிவும் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று மேடையில் பேசுகிறோம். கற்றுக்கொடுப்பவரின் வயிற்றைப் பற்றி யார் பேசுவது?

பயிற்சியும் அப்படித்தான். ஒரு நாள் கூட்டி, ஒரு பிபிடி காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பினால் பயிற்சி ஆகாது. புது மெஷின் வந்தால் கம்பெனி ஆள் வாரக்கணக்கில் கூடவே நின்று சொல்லித்தருவார், இல்லையா? ஆசிரியருக்கும் வகுப்பறைக்குள் கூடவே நிற்கும் ஆள் வேண்டும்.

■ டெல்லி பிடித்து வைத்திருக்கும் பணம்

இதையெல்லாம் செய்யப் பணம் வேண்டாமா? வேண்டும். அங்கேதான் அடுத்த அநியாயம்.

பள்ளிகளின் கணினிக் கல்விக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் ஒன்றிய அரசின் பங்கு 'சமக்ர சிக்‌ஷா' திட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. 2024-25-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பங்கு 2,152 கோடி ரூபாய். பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக அந்தப் பணத்தை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டி வந்தது.

திருப்பூர் வெளிநாட்டுக்குத் துணி அனுப்பி நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது. இங்கே ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு தொழிலாளி வேர்வை சிந்துகிறார். அவர் வரியும் சேர்ந்ததுதான் டெல்லிக் கஜானா. அந்தத் தொழிலாளியின் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் பணம் கேட்டால், "இங்கே கையெழுத்துப் போடு" என்று நிபந்தனை போடுவது எந்த ஊர் நியாயம்? கொள்கையில் சண்டை இருந்தால் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பாடத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

அதே நேரம், டெல்லியைக் காட்டிவிட்டு மாநில அரசும் மாநகராட்சியும் கை கழுவ முடியாது. பழுதான புரொஜெக்டருக்கு ஒரு பல்பு மாற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை.

■ நாம் கேட்பது என்ன?

1. ஒவ்வோர் ஒன்றியத்துக்கும், மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பள்ளிக் கருவிகளுக்கென்றே முழுநேரப் பழுதுபார்ப்பவர் வேண்டும். புகார் எண்ணைப் பள்ளிச் சுவரில் எழுத வேண்டும். மூன்று நாளில் சரியாகவில்லை என்றால் கருவி கொடுத்த நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும்.

2. ஒவ்வொரு மாதமும் பள்ளித் தகவல் பலகையில் நான்கு வரி: எத்தனை கருவி, எத்தனை ஓடுகிறது, எத்தனை நாள் நின்றது, இணையக் கட்டணம் கட்டியாச்சா இல்லையா.

3. செயலிகளில் விவரம் ஏற்றும் வேலையை ஆசிரியர்களிடமிருந்து எடுத்து, அதற்கென்று ஆள் போட வேண்டும். கணினிப் பகுதிநேர ஆசிரியர்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும்.

4. பள்ளி நேரத்துக்குப் பிறகு மாலை 5 முதல் 8 வரை ஹைடெக் லேப்களைத் திறந்து வைக்க வேண்டும். சுண்டலும் பாலும் கொடுங்கள். 'இல்லம் தேடிக் கல்வி'யில் வேலை செய்த தன்னார்வலர்களை மதிப்பூதியத்தோடு அங்கே அமர்த்துங்கள். பெண் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பவும் ஏற்பாடு வேண்டும். அம்மா செக்கிங் முடித்து வரும்வரை பிள்ளை தெருவில் நிற்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

5. வீட்டில் போன் இருந்தால்தான் செய்ய முடியும் என்ற வீட்டுப்பாடம் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் கூடாது. பிள்ளைகளின் விவரம் எந்தத் தனியார் நிறுவனத்தின் கைக்கும் போகக் கூடாது.

6. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியும் தமிழும் சேர்ந்த ஒலிப்பாடங்கள் கைக்கணினியிலேயே வேண்டும்.

7. நிறுத்திய சமக்ர சிக்‌ஷா நிதியை ஒன்றிய அரசு பாக்கி இல்லாமல் தர வேண்டும்.

ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்குக் கணினி வாங்கித் தருகிறீர்கள்; கைகூப்பி வரவேற்கிறோம். அடுத்த முறை பத்துக் கணினிக்குப் பதில் ஏழு கொடுங்கள். மீதிப் பணத்தில் அந்த ஏழையும் ஐந்து வருடம் ஓட வைக்கும் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். உங்க கம்பெனி மெஷினுக்குச் செய்வதைத்தான் கேட்கிறோம்.

■ நீங்கள் செய்ய வேண்டியது

இதைப் படித்து லைக் போட்டுவிட்டுப் போனால் எதுவும் மாறாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும், பள்ளி வளர்ச்சித் திட்டம் போடவும் அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு. அதாவது, கேள்வி கேட்கும் அதிகாரம் ஏற்கெனவே உங்க கையில் இருக்கிறது.

அடுத்த கூட்டம் எப்போது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். "எனக்குப் படிப்பு இல்லீங்க, நான் போயி என்ன பேசறது" என்று தயங்கும் அக்காமார்களுக்கு ஒரு வார்த்தை. செக்கிங்கில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பார்க்கிறீர்கள்? ஒரு தையல் விட்டிருந்தால் உங்க கண்ணுக்குத் தப்புமா? ஒரு சின்ன எண்ணெய்க் கறை? எவ்வளவு பெரிய பையரின் ஆர்டராக இருந்தாலும் "இது போகாதுங்க" என்று எடுத்துத் தனியாக வைப்பது நீங்கள்தானே?

அதே கண்ணோடு உங்க பிள்ளையின் வகுப்பறைக்குள் ஒரு நாள் போய்ப் பாருங்கள். மூன்றே கேள்வி போதும்:

ஓடுதா?
யார் ஓட்டறாங்க?
எம் பிள்ளைக்கு எந்த இடத்துல நூல் அறுந்திருக்கு?

பதில் கிடைத்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் குழுவில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலை நம் பகுதித் தோழர்களிடம் கொடுங்கள். மாநகராட்சியிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் சேர்ப்பது எங்கள் வேலை. உங்க பள்ளியின் நிலவரத்தைக் கீழே கருத்துப் பகுதியிலும் எழுதுங்கள். நல்லபடி ஓடுகிற பள்ளி என்றால் அதையும் எழுதுங்கள். மற்ற பள்ளிகள் கற்றுக்கொள்ளட்டும்.

உலகத்துக்கே உடுப்பு தைத்துக் கொடுக்கும் ஊர் இது. நம் பிள்ளையின் படிப்பில் விழுந்த ஓட்டையைத் தைக்க நம்மால் முடியாதா?

முடியும். கேட்போம், கேட்டு வாங்குவோம்!

#திரைக்கு_ஒரு_ஃபிட்டர்
#ஓடுதா_யார்_ஓட்டறாங்க
#திருப்பூர்_பிள்ளைகள்_படிக்கட்டும்